கட்டைப் பெட்டியில் வந்த பறக்கும் விசிறி ஏன் சாய்ந்து போகிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்: "கட்டைகளை இணைத்து விளையாடும் பெட்டி ஒன்று மகனுக்குப் பரிசாக வந்தது. அதில் கைப்பிடியில் செருகி, பல் வைத்த பட்டையை இழுத்தால் சுழன்று எழும்பும் சிறிய விசிறி இருக்கிறது. அவன் எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது சாய்ந்து சுவரில் மோதுகிறது. அழகுக்காக ஓரத்தில் ஒரு கட்டையை ஒட்டிய பிறகு எழும்பவே மறுக்கிறது. ஓசூரில் என் அண்ணன் வீட்டில் விட்டபோது இன்னும் மோசம். ஓசூர் மேடான ஊர் என்பதுதான் காரணமா?"

இந்த வகைப் பொம்மையில் மோட்டாரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. இத்தகைய இணைப்புக் கட்டைகளைச் செய்யும் லெகோ நிறுவனம் நிஞ்சாகோ என்ற வரிசையில் 2015-ஆம் ஆண்டு கொண்டுவந்த ஏர்ஜிட்சு பறப்பான்களும் இழுத்துவிட்டுப் பறக்கவிடுபவைதாம். பட்டை முழுவதும் வெளியே வந்த அந்தக் கணத்தில் விசிறியில் எவ்வளவு சுழற்சி இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் கைமுதல். அதற்குப் பிறகு ஒரு துளிகூடச் சேராது, காற்றின் உராய்வில் குறைந்துகொண்டுதான் போகும். தூக்கும் விசை சுழலும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், வேகம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். எழும்பிய சற்று நேரத்திலேயே அது இறங்கத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

சாய்வதற்கு வருவோம். பம்பரம் சுற்றும்போது நிமிர்ந்து நிற்பது போலவே, வேகமாகச் சுழலும் விசிறியும் தான் கிளம்பிய அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது. நேராகக் கிளம்பினால் நேராகவே போகும். சாய்ந்து கிளம்பினால், அந்தச் சாய்வையும் அதே பிடிவாதத்தோடு வைத்துக்கொள்ளும். 30 டிகிரி சாய்ந்து கிளம்பும் விசிறி, தான் உண்டாக்கும் விசையில் பாதி அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அப்புறம் சுவரில் மோதாமல் என்ன செய்யும்? பலமாக இழுக்கும் பிள்ளை பட்டையோடு சேர்த்துக் கைப்பிடியையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறான். ஆகவே உங்கள் மகனைக் கைப்பிடி பிடித்த கையின் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டையைத் தரைக்கு இணையாக, மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகமெடுக்கும்படி இழுக்கட்டும். வெடுக்கென்று இழுக்க வேண்டாம்.

ஒட்டிய கட்டையைப் பற்றித்தான் நான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். எட்டுக் குமிழ் உள்ள ஒரு சாதாரண லெகோ கட்டையின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. கையில் வைத்தால் எடையே தெரியாது. ஆனால் நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி அதை ஒட்டி, விசிறி நொடிக்கு 30 முறை சுற்றுவதாக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 330 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற விசை அதை வெளியே இழுக்கும். கட்டைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பது வெறும் உராய்வினால்தான். எதிர்ப்பக்கத்தில் அதே எடை இல்லாததால் விசிறி நடுங்கும், அந்த நடுக்கத்திலேயே சுழற்சி வீணாகும், ஒருவேளை கட்டை கழன்று யார் கண்ணிலாவது படும். விசிறியைச் சுற்றியுள்ள வளையம் அப்படியல்ல. அது எல்லாப் பக்கமும் சமமான எடையாக இருப்பதால் சுழற்சியைச் சேமித்து வைக்கிறது, விரலையும் காக்கிறது. அதைக் கழற்ற விடாதீர்கள். இழுக்கும்போது யாரும் விசிறிக்கு மேலே குனிந்து பார்க்கவும் கூடாது.

எடை கூடினால் என்ன ஆகும் என்பதை ரைட் சகோதரர்களே சிறுவயதில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1878-இல் தந்தை வாங்கிக் கொடுத்த, தக்கையும் மூங்கிலும் காகிதமும் கொண்டு ரப்பரால் இயங்கிய பறக்கும் பொம்மையைப் பார்த்து, அதைவிடப் பெரியவற்றைச் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்யப் பறப்பது குறைந்தது. அளவை இரு மடங்காக்கினால் எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது அப்போது தங்களுக்குத் தெரியவில்லை என்று பின்னாளில் எழுதினார்கள்.

ஓசூரைப் பற்றிய உங்கள் ஐயம் நல்ல ஐயம். உங்கள் மாவட்டத் தலைநகரான தருமபுரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி தருமபுரியைவிட நூற்றுக்கு நான்கு பங்கு போலக் குறைவு; தூக்கும் விசையும் அதே அளவுதான் குறையும். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் கையில் வரும் வேறுபாடே இதைவிடப் பெரிது. அண்ணன் வீட்டில் மொட்டை மாடியில் விட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் ஆடி மாதத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். சில கிராம் எடையுள்ள பொம்மையைக் காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடும். கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒட்டிய கட்டையை எடுத்துவிட்டு, இரண்டு ஊரிலும் ஒரே ஆளை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். விசிறி எழும்பும் உயரத்தில் பெரிய வேறுபாடு தெரியாது.