ஒரு கற்கண்டும் ஒரு மணல் துகளும்

வணக்கம், நேயர்களே. இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் ஒரு கற்கண்டைக் குறட்டில் வைத்து நெரியுங்கள். உடைகிற அந்தக் கணத்தில் நீலமாக ஒரு மினுக்கு தெரியும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் அடுப்படியில் ஆயா இதை எனக்குக் காட்டியபோது எனக்கு எட்டு வயது. ஆயாவின் முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள். சர்க்கரைப் படிகத்தோடு எங்கள் உறவு அவ்வளவு பழையது.

படிகம் பிளக்கும்போது பிளவின் இரு பக்கமும் எதிரெதிர் மின்னூட்டம் சேர்கிறது. அது பாயும்போது இடையிலுள்ள காற்றின் நைட்ரஜன் ஒளிர்கிறது. சர்க்கரையில் இது வேடிக்கை. வெடிமருந்தும் பெரும்பாலும் இப்படிப் படிகம்தான். ஆனால் அங்கே நான் முக்கியமாகப் பயப்படுவது சூட்டுக்கு.

கண்ணாடிபோல் வழவழப்பான பரப்பும் உண்மையில் மேடு பள்ளம்தான். இரண்டு பரப்புகள் உராயும்போது மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. உராய்வின் சூடெல்லாம் அந்த நுனிகளில் குவிகிறது. கண்ணுக்கே தெரியாத இடம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை, ஆனால் பல நூறு டிகிரி! வெடிமருந்துப் பொதி முழுவதும் கையில் குளுகுளுவென்று இருக்க, ஒரு புள்ளி மட்டும் பற்றிக்கொள்ளும்.

டாஸ்மேனியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த ஃபிராங்க் ஃபிலிப் பௌடனும் அவர் குழுவினரும் 1940-களில் இதைத் துருவிப் பார்த்தார்கள். மருந்தில் துகள் கலந்தால் ஆபத்து கூடும். துகளின் கடினம்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தீர்மானிப்பது உருகுநிலை. சீக்கிரம் உருகும் துகள் என்றால், உருகியதும் சூடு அதற்குமேல் ஏறாது. மணலும் கண்ணாடியும் லேசில் உருகுவதில்லை, அதனால் சூடு ஏறிக்கொண்டே போகும். இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. தீப்பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடித் தூள் சேர்ப்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கீறல். உராய்ந்த படிகத்தில் நுண்ணிய விரிசலும் குழியும் விழும். அடுத்த அடியோ உராய்வோ வரும்போது சூடு குவிவதற்கு அவை தோதான இடம். அடிபட்டு உதிர்ந்த மருந்தைப் புதுமருந்துபோல நம்பக் கூடாது என்பது அதனால்தான்.

சுரங்க வெடிமருந்துப் பாதுகாப்பு வேலையில் இருந்தபோது, தரையில் நாலு மணல் கிடந்தாலும் வேலையை நிறுத்திப் பெருக்கச் சொல்வேன். ‘மணலுக்கா அண்ணே?’ என்பார்கள் பையன்கள். மணலுக்குத்தான். அந்தக் காலத்து மருந்து ஆலைகளில் ஆணியில்லாத செருப்பும் மரக்கருவியும் கட்டாயமாக இருந்தன. விளக்கம் பின்னால்தான் வந்தது.

தீபாவளி நெருங்குகிறது. டர்பனில் பட்டாசு வெடிக்கும் வீடுகளில் நமுத்துப்போனவை நாலைந்து மிஞ்சும். பிள்ளைகள் அவற்றைப் பிரித்து மருந்தைச் சிமெண்ட் தரையில் கொட்டிக் கல்லால் தேய்ப்பார்கள். படிகம், மணல், உராய்வு மூன்றும் அங்கே கூடிவிடும். தாய்மார்களே, ஒரு வாளித் தண்ணீரை வாசலிலேயே வையுங்கள். வெடிக்காததைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டு, பிறகு நீண்ட இடுக்கியால் எடுத்து அதில் போடுங்கள். விடியும்வரை ஊறட்டும்.