தப்பு காய்ச்சும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

இலங்கையின் மலையகத்துச் சிறு நகரத்தில் இசை நிகழ்ச்சி என்றால் நோட்டீஸில் ஏழு மணி என்று போட்டிருப்பார்கள். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போகிறவர்கள், "எப்படியும் ஒன்பதுக்குத்தானே தொடங்கும்" என்று சொல்லிக்கொண்டு ஆறுதலாகக் கிளம்புவார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். காலையிலேயே புறப்படுங்கள். அந்த இரவின் மிக நல்ல இசை, தப்பு என்னும் பறையின் இசை, கீபோர்டுக்கு வயர் மாட்டுவதற்கு முன்பே, மேடைக்குப் பின்னால் தொடங்கிவிடுகிறது.

கண்டியிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்பளை, நாவலப்பிட்டி வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறினால், அவிசாவளையிலிருந்து வரும் ஏ-7 வீதி கிடைக்கும். அங்கிருந்து வட்டவளை, ஹட்டன், டிக்கோயா, நோர்வூட். தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போட வேண்டாம். வட்டவளை இந்த நாட்டில் மழை அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்று. பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். இறங்கி வருகிற வாகனம் ஒதுங்கி நின்று, ஏறி வருகிறவருக்கு வழிவிடுவது மலை வீதியின் பழைய மரியாதை. அதைத் தயவுசெய்து காப்பாற்றுங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால், அந்த மாதங்களில் ஹட்டனுக்கு அப்பால் யாத்திரிகர்களின் பஸ்களும் சேர்ந்துகொள்ளும்.

சரி, சாப்பாடு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஹட்டனிலும் நோர்வூட்டிலும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே ரொட்டி கேளுங்கள். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, கையால் தட்டி, தாச்சியில் சுட்ட தடித்த கோதுமை மா ரொட்டி. கூடவே காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு எல்லாம் வைத்து இடித்து, தேசிக்காய் பிழிந்த கட்டைச் சம்பல். நம் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக மலைக்குப் போன சாப்பாடு இது. விடியுமுன் எழுந்த அம்மா சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், கொழுந்து எடுக்கும் மலையிலேயே தேத்தண்ணியோடு சாப்பிட்டார்கள். சுட்டு நேரமானாலும் ரொட்டி கெடாது, வயிறும் நீண்ட நேரம் தாங்கும், குளிருக்குச் சம்பலின் உறைப்பு. நுவரெலியா ஹோட்டல்களில் இதையே அழகாக அடுக்கி வைத்துப் பெரிய விலைக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு நோர்வூட் கடையின் வாங்குப் பலகைதான் பிடிக்கும்.

தேத்தண்ணிக்கு, பால் சேர்க்காத இஞ்சி பிளேன்டி சொல்லுங்கள். நல்ல தேயிலையெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது. விளைந்த ஊரின் கடைகளில் பெரும்பாலும் டஸ்ட் என்னும் தூள் தேயிலைதான் ஓடுகிறது. இது என்னை எப்போதும் வருத்துகிற விஷயம்.

நோர்வூட்டுக்கு முன்னால் காசல்ரீ நீர்த்தேக்கம் பக்கத்தில் வரும், அதற்கப்புறம் மஸ்கெலியாவில் மவுஸ்ஸாக்கலை. இந்த இரண்டாவதன் கரையில் கொஞ்சம் நில்லுங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. 1960களில் அணை கட்டியபோது நகரத்தை மேட்டுக்கு மாற்றினார்கள். வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் வெளியே தெரியும்.

இனி, இவ்வளவு சீக்கிரம் போகச் சொன்னதற்கான காரணத்துக்கு வருகிறேன். பொழுது சாயும்போது மைதானத்தின் ஓரத்தில், காய்ந்த குச்சியும் காகிதமும் போட்டுச் சின்னதாய் ஒரு நெருப்பு மூட்டுவார்கள். அதைச் சுற்றி நின்று தப்பைக் காய்ச்சுவார்கள். தப்பில் கட்டியிருப்பது மாட்டுத்தோல். நம் மலைப் பனியில் அது ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும், அடித்தால் சத்தம் எழாது. சூட்டில் காட்டக் காட்டத் தோல் விறைத்து, சுருதி ஏறும். ஒருவர் காட்டிப் பார்த்து இரண்டு அடி அடிப்பார், போதாது என்று திரும்பக் காட்டுவார். அடுத்தவர் தன் தப்பை அதோடு ஒத்துப் பார்ப்பார். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. அவர்கள் அப்படிச் சரிபார்த்துக்கொள்கிற நேரத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

தப்புக்கு நம் தோட்டங்களில் பெரிய வரலாறு இருக்கிறது. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, ஆளெழுப்பியது தப்பு. சாவுக்கு அடித்ததும், மாரியம்மன் திருவிழாவுக்கு அடித்ததும், மாசியில் காமன் கூத்துக்கு அடித்ததும் தப்புத்தான். 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியதிலிருந்து எண்ணி, 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். இத்தனை காலமும் நம்மோடு வந்த கருவியை வாசிப்பவர்களை, சாதி சொல்லி மேடைக்குக் கீழே நிறுத்தியவர்களும் நாமேதான். இப்போது மேடையேற்றுகிறார்கள். ஆனால் வரவேற்புக்கு ஒரு பத்து நிமிடம், அதுவும் நாற்காலிகள் நிறையுமுன். பிறகு சினிமாப் பாட்டு, இடையில் பைலா ஆட்டப் பாட்டு, இரவு முழுக்க. அவையும் எனக்குப் பிடிக்கும். முன்வரிசையில் நின்று ஆடுகிற பிள்ளைகளைப் பார்க்க மனம் நிறைகிறது.

பியர் பற்றியும் சொல்கிறேன். பயணம் என்றால் பலர் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இந்நாட்டு பியரின் கதையே மலையில்தான் தொடங்குகிறது. 1881இல் நுவரெலியாவின் குளிரில் ஆலை எழுந்தது, பின்னாளில் உற்பத்தி பியகமவுக்கு இறங்கிவிட்டது. மதுபான விளம்பரத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அதனால் பெயர்கள் வேண்டாம். போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளில் நாடு முழுக்க மதுக்கடைகள் மூடியிருக்கும், நம் திருவிழாக்கள் பல பௌர்ணமியை ஒட்டியே வருகின்றன. மற்ற நாட்களில் நிகழ்ச்சி முடிந்து, தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபிறகு, கோழி டெவலோடு ஆளுக்கு ஒரு பியர் குடியுங்கள். தடுக்க மாட்டேன். மைதானத்தில் வேண்டாம். சம்பள நாளில் தோட்டத் தொழிலாளர்களின் எத்தனை லயத்து வீடுகளின் பணம் சாராயக் கடைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பாட்டுக் கேட்க வருகிற இடம் அது. வண்டி ஓட்டுகிறவர் அன்றிரவு தொடவே கூடாது. ஹட்டன் வீதியின் வளைவுகள் மன்னிக்காது.

நிகழ்ச்சி நடத்துகிற இளைஞர் மன்றங்களிடம் ஒன்று கேட்கிறேன். தப்புக் கலைஞர்களுக்கு ஒரு முழு மணி நேரம் கொடுங்கள், கூட்டம் நிறைந்திருக்கும் ஒன்பது மணிக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் திரும்பக் காய்ச்சிக்கொள்ள, மேடைக்குப் பக்கத்திலேயே நெருப்புக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். நோட்டீஸில் பாடகர்களின் பெயருக்குப் பக்கத்தில் அவர்களுடைய பெயரையும் அச்சிடுங்கள். கீபோர்டு வாசிக்கிறவருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவர்களுக்கும் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.