அரை ஆம்பளை கூலி

நடுவர் ஐயாவுக்கும், மாங்கனிக் கண்காட்சிக்கு வந்து, மாம்பழத்தை விட்டுட்டு எங்களை நம்பி உட்கார்ந்திருக்கிற கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு: வேலையிடத்தில் பெண்ணுக்குச் சமத்துவம் வந்துவிட்டதா, இன்னும் வரவேண்டுமா? நான் 'வரவேண்டும்' கட்சி. சம வேலைக்குச் சம ஊதியம்னு 1976-லேயே சட்டம் போட்டாச்சு. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் முதல்ல தொடங்கினதே நம்ம பழைய தர்மபுரி மாவட்டத்துலதான். சேமிக்கச் சொன்னாங்க, சரி. சேமிக்கிற அளவுக்குக் கூலி? அதை விடுங்க.

எதிரணி அண்ணன் கேட்டாரே, "மூட்டை தூக்குறவனுக்கும் உட்கார்ந்து புளி தட்டுறவளுக்கும் ஒரே கூலியா?"ன்னு. நீங்களும் தட்டினீங்களே! நீங்க தட்டினது கை. எங்கம்மா இருபது வருஷம் தட்டினது புளி.

நாலு வருஷம் முன்னாடி ஒரு நாள், மண்டிக்கு லோடுமேன் ஒருத்தரும் வரலை. லாரி நிக்குது, முதலாளி கையைப் பிசையுறாரு. புளி தட்டிட்டிருந்த பொம்பளைங்க பன்னெண்டு பேர் முந்தானையை இழுத்துச் செருகிட்டு எழுந்தாங்க. ரெண்டு பேருக்கு ஒரு மூட்டை. பொழுது சாயறதுக்குள்ள லாரி ரொம்பிடுச்சு.

கூலி? அதே 300. லோடுமேனுக்கு 700. கேட்டதுக்கு முதலாளி, "ரெண்டு பேர் சேர்ந்துதானே ஒரு மூட்டை தூக்கினீங்க?" அம்மா சொன்னாங்க, "சரிங்க, அப்ப ரெண்டு பேருக்குச் சேர்த்து ஒரு ஆம்பளை கூலி குடுங்க. பாதி போதும்."

அட, லாபம்னு நெனச்சு முதலாளியும் தலையாட்டிட்டாரு. அப்புறம் 700-ஐ ரெண்டா வகுத்தாரு. 350! அண்ணே, உங்களுக்காக இன்னொரு தடவை: அரை ஆம்பளை 350, முழுப் பொம்பளை 300! கடைசி வரிசை, கேட்டுச்சா? அரை ஆம்பளை 350!

குடுத்தாரான்னு கேக்குறீங்களா? "நாளைக்குப் பாத்துக்கலாம்"னாரு. நாளைக்கு லோடுமேன் வந்துட்டாரு.

வீட்ல ரசம் வைக்கிறப்ப அம்மா சொல்வாங்க, "புளி எதுக்குடி, என் கையை முக்கினாப் போதும்"னு. நாங்க சிரிப்போம். போன மாசம் ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். மெஷின்ல கட்டைவிரலை வெச்சாங்க, ரேகை விழலை. சேலையில துடைச்சிட்டு வெச்சாங்க, விழலை. பத்து விரலும் பாத்தாச்சு. பின்னால நின்னவரு "சீக்கிரம்மா"ன்னாரு. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எல்லாத்தையும் மண்டியிலேயே விட்டுட்டு வந்துட்டேன் போலடி"ன்னாங்க.

மணி அடிச்சிட்டீங்க ஐயா. உட்கார்றேன்.