மெல்பர்ன் கால்களும் அமெரிக்கப் பந்தும்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். ஆஸ்திரேலிய ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, ஆடி வளர்ந்த ஒருவர் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய் பன்டர் ஆகிறார் என்றால் அவர் உண்மையில் எதைக் கொண்டுபோகிறார், எதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார் என்பதுதான் அது. மெல்பர்னில் இருக்கிற நமக்கு ஃபுட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, நம் பிள்ளைகள் பலர் ஆஸ்கிக் என்ற சிறுவர் ஃபுட்டிப் பயிற்சிக்குப் போகிறார்கள். ஆனால் அமெரிக்க ஆட்டம் நம்மில் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் பன்ட் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். நம் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் அப்படிக் கொடுத்தால் ஆபத்து. அதனால் மூன்று வாய்ப்பு வீணானதும், நான்காவதில் பந்தைத் தூக்கி உதைத்து எதிரணியை முடிந்தவரை பின்னால் தள்ளுகிறார்கள். அதுதான் பன்ட். இந்த ஒரு வேலைக்காகவே அங்குள்ள உச்ச தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அணிக்கு ஒருவர் இருக்கிறார், அவர்தான் பன்டர். ஆட்டத்துக்கு நான்கைந்து முறை உள்ளே வருவார், உதைப்பார், வெளியே போய்விடுவார். நன்றாக உதைத்தால் யாரும் பேசமாட்டார்கள். ஒன்று தவறினால் நாடு முழுக்கப் பேசும்.

முதலில் போனவர் காலின் ரிட்ஜ்வே. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டியவர், 1965இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு உதைத்தார். ஆனால் அவரோடு அது நின்றுவிட்டது. கதையை உண்மையில் தொடங்கி வைத்தவர் டேரன் பென்னட், இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும்.

பென்னட் முதலில் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ், அப்புறம் மெல்பர்ன் அணி. 1990 பருவத்தில் மெல்பர்னுக்காக 87 கோல் அடித்தவர். இங்கே அவருடைய பெயரைச் சொன்னாலே அந்த நீளமான உதைதான் பழைய ரசிகர்களுக்கு நினைவுக்கு வரும். 1993இல், ஃபுட்டி வாழ்க்கை முடிவுக்கு வந்த நேரத்தில், தேனிலவுக்குக் கலிஃபோர்னியா போனவர் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியிடம் ஒரு வாய்ப்புக் கேட்டார். உதைத்துக் காட்டினார். அடுத்த பருவம் பயிற்சி அணியில் வைத்துக்கொண்டார்கள், அதாவது ஆட்டத்தில் இறங்க முடியாது, வாரம் முழுக்கக் கற்றுக்கொள்ளலாம். 1995 வசந்தத்தில் ஐரோப்பாவுக்கு, ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு சார்ஜர்ஸில் இறங்கினார், முதல் பருவத்திலேயே ப்ரோ பவுலுக்கு, அதாவது என்எஃப்எல்லின் நட்சத்திர வீரர்கள் ஆட்டத்துக்கு, தேர்வானார். வயது முப்பது. 1990களின் சிறந்த என்எஃப்எல் வீரர்கள் என்று பின்னாளில் ஒரு அணியைத் தேர்ந்தெடுத்தபோது அதில் அவர் பெயரும் இருந்தது. ஃபுட்டியை முடித்துவிட்டு இன்னொரு நாட்டில், இன்னொரு ஆட்டத்தில், அந்தப் பத்தாண்டின் சிறந்தவர்களில் ஒருவராக ஆவது சாதாரண விஷயமா சொல்லுங்கள்.

அவருக்குக் கால் பலம் இருந்தது, அதனால் ஜெயித்தார் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பலமான கால் அமெரிக்காவில் நிறைய இருந்தது. அவர்களிடம் இல்லாதது டிராப் பன்ட்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அமெரிக்கப் பன்டர்கள் பந்தைக் கிடைமட்டமாகக் கொஞ்சம் சாய்த்துப் போட்டு, அது திருகுபோலச் சுழன்று காற்றைக் கிழித்துப் போகும்படி உதைப்பார்கள். இங்கே டார்பிடோ என்று சொல்வதும் அதே குடும்பம்தான். நல்ல தூரம் போகும், ஆனால் கீழே விழுந்தால் முன்னோக்கி ஓடிவிடும், எங்கே ஓடும் என்று சொல்லவும் முடியாது. டிராப் பன்ட் வேறு. பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, கீழ் முனையில் உதைக்கிறோம். பந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே நேராகப் போகிறது. தூரம் கொஞ்சம் குறையலாம், இலக்கு தவறாது. ஐம்பது மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கிற சகவீரரின் மார்புக்கு நேராகப் போட வேண்டிய ஆட்டத்தில், ஏழெட்டு வயதிலிருந்து எல்லாரும் கற்பது இதைத்தான்.

சரி, இது அமெரிக்காவில் எதற்கு? அங்கே ஒரு விதி இருக்கிறது. பன்ட் செய்த பந்து எதிரணியின் எண்ட் ஸோனுக்குள், அதாவது களத்தின் கடைசிப் பகுதிக்குள், போய்விட்டால் டச்பேக், பந்தை அவர்களுடைய 20 யார்டு கோட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். நடுக்களத்திலிருந்து உதைக்கும்போது எவ்வளவு பலமாக உதைத்தாலும் பயன் இல்லை, 5 யார்டு, 8 யார்டு கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து நிற்க வேண்டும். பின்சுழற்சி இருப்பதால் டிராப் பன்ட் விழுந்ததும் நிமிர்ந்து எழும், பல நேரம் பின்னால்கூட வரும். சகவீரர்கள் ஓடிப்போய் அதை அமுக்கிவிடலாம். பென்னட் வந்தபோது அங்கே இது புதுசு. இன்றைக்கு அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பன்டர்களும் குறுகிய தூரத்துக்கு இதைத்தான் உதைக்கிறார்கள். ஒரு ஆட்டத்தின் கைப்பழக்கம் இன்னொரு ஆட்டத்துக்குள் போய்த் தங்கிவிட்டது, இதற்காகவே பென்னட் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

ஆனால் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போக வேண்டியதும் நிறைய. ஃபுட்டியில் மார்க் பிடித்தால், அதாவது உதைத்து வரும் பந்தைக் காற்றிலேயே பிடித்துவிட்டால், யாரும் தொடமுடியாது, பின்னால் நகர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு உதைக்கலாம். அங்கே ஸ்னாப், அதாவது முன்வரிசை ஆள் கால்களுக்கிடையே பின்னால் எறியும் பந்து, வருவதிலிருந்து பந்து காலை விட்டுப் போவதுவரை ஏறக்குறைய இரண்டு விநாடிதான். 15 யார்டு பின்னால் நிற்கிறீர்கள், பந்து உங்கள் இடுப்புக்கு வேகமாக வருகிறது, எதிரே ஆட்கள் பாய்கிறார்கள், பிடிக்க வேண்டும், கையில் திருப்பிச் சரிசெய்ய வேண்டும், ஓரிரு எட்டில் உதைத்தாக வேண்டும். பந்தும் வேறு. ஃபுட்டியில் நாம் ஆடும் ஷெர்ரின் பந்தின் முனைகள் உருண்டை, அமெரிக்கப் பந்து ஒல்லி, முனை கூர். கால் கொஞ்சம் விலகிப் பட்டாலும் பந்து பக்கவாட்டில் போய்விடும். அப்புறம் காத்திருப்பு. இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்த உடம்பு, குளிரில் ஓரத்தில் நின்றுவிட்டு திடீரென்று உள்ளே போய் ஒரே உதை உதைக்க வேண்டும். இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொன்று, பந்து காற்றில் இருக்கும் நேரம். பந்து நான்கரை விநாடியாவது காற்றில் இருக்க வேண்டும், அப்போதுதான் நம் ஆட்கள் அது விழுகிற இடத்துக்குப் போய்ச் சேர முடியும். வெறும் தூரம் ஆபத்து. 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில், அதாவது என்எஃப்எல் இறுதி ஆட்டத்தில், இதைப் பார்த்தோம். இங்கே செயின்ட் கில்டாவுக்கு ஃபுட்டி ஆடியிருந்த ஆரின் சிபோஸ் அன்றைக்கு ஃபிலடெல்ஃபியாவின் பன்டர். டிசம்பரில் காலில் காயம், அதிலிருந்து திரும்பி வந்து ஆடுகிறார். நான்காவது கால்பகுதி, அணி ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. உதை தாழ்வாகப் போனது. கன்சாஸ் சிட்டியின் கடாரியஸ் டோனி அதை எடுத்து 65 யார்டு ஓடினார். சூப்பர் பவுல் வரலாற்றில் பன்ட்டை எடுத்து ஓடிய மிக நீளமான ஓட்டம் அது. ஃபிலடெல்ஃபியா 38–35 என்று தோற்றது. அந்த ஒரு உதைக்காக அவர் மேல் விழுந்த வசவு எனக்கு இன்றும் வலிக்கிறது, தடுக்க வேண்டியவர்களும் தடுக்கவில்லை என்பதை யாரும் பேசவே இல்லை.

பென் கிரஹாமையும் சாவ் ரோக்காவையும் சொல்லாமல் போக முடியாது. கிரஹாம் ஜீலாங்கின் கேப்டனாக இருந்தவர், 219 ஆட்டம் ஆடியவர், 2005இல் நியூயார்க் ஜெட்ஸ் போனார், 2009 பிப்ரவரியில் அரிசோனாவுக்காக சூப்பர் பவுல் ஆடினார். ஃபுட்டியின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்லின் இறுதி ஆட்டம் கிராண்ட் ஃபைனல், சூப்பர் பவுல் இரண்டிலும் ஆடிய முதல் ஆள் அவர்தான். இரண்டிலும் தோல்வி, அதுவும் உண்மை. ரோக்கா கோலிங்வுட், நார்த் மெல்பர்ன் இரண்டுக்கும் சேர்த்து 748 கோல். 2007இல் ஃபிலடெல்ஃபியாவில் புதுமுகமாக இறங்கியபோது வயது 33.

இவர்கள் எல்லாம் ஃபுட்டியை முடித்துவிட்டுப் போனவர்கள். 2007க்குப் பிறகு வழியே மாறிவிட்டது. நேதன் சாப்மன் என்று ஒருவர், பிரிஸ்பேனுக்கும் ஹாதார்னுக்கும் ஆடியவர், 2004இல் கிரீன் பே பேக்கர்ஸில் முயன்று இடம் கிடைக்காமல் திரும்பியவர். அவரும் ஜான் ஸ்மித்தும் சேர்ந்து இங்கே மெல்பர்னில் ப்ரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். நேராக என்எஃப்எல்லுக்கு அனுப்பாமல், முதலில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையில் அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். சரியான முடிவு. கல்லூரி ஆட்டத்தில் பந்து ஸ்னாப் ஆனவுடனே எல்லோரும் முன்னால் ஓடலாம், என்எஃப்எல்லில் ஓரங்களில் நிற்கும் இருவர் மட்டுமே உதைக்கு முன் ஓடலாம். அதனால் கல்லூரியில் பன்டர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, ஆட்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு உதைக்கலாம். ஓடிக்கொண்டே உதைப்பது ஃபுட்டிப் பையனுக்குப் பிறவிப் பழக்கம்.

விளைவைப் பாருங்கள். நாட்டின் சிறந்த கல்லூரிப் பன்டருக்குக் கொடுக்கும் ரே கை விருதை 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு ஆஸ்திரேலியர்களே வாங்கினார்கள்: டாம் ஹார்ன்சி, இரண்டு முறை டாம் ஹாக்கெட், மிட்ச் விஷ்நாவ்ஸ்கி, மைக்கேல் டிக்சன். விஷ்நாவ்ஸ்கி பெர்த்தில் ஜன்னல் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தவர். டிக்சன் சிட்னி ஸ்வான்ஸின் இளையோர் பயிற்சியில் இருந்தும் ஏஎஃப்எல் அணிகள் புது ஆட்களை எடுக்கும் தேர்வில் எந்த அணியும் எடுக்காத பையன். 2018இல் என்எஃப்எல்லின் சியாட்டில் அணி அவரை எடுத்தது, முதல் பருவத்திலேயே ஆல்-ப்ரோ, அதாவது அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம். 2021 அக்டோபரில் ராம்ஸ் அணிக்கு எதிராக அவருடைய உதையை ஒருவர் தடுத்துவிட, தரையில் கிடந்த பந்தை ஓடிப்போய் எடுத்து, ஓட்டத்திலேயே மறுபடியும் உதைத்து 68 யார்டு அனுப்பினார். அமெரிக்க வர்ணனையாளர்களுக்கு இது சட்டப்படி செல்லுமா என்றே குழப்பம். ஃபுட்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை, சிதறிய பந்தை எடுத்து ஓட்டத்தில் உதைப்பது இங்கே ஒவ்வொரு வாரமும் நடப்பது.

18 வயதில் ஏஎஃப்எல் தேர்வில் பெயர் வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற பையன்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்களுடைய பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது 20, 22 வயதில் ஒரு பட்டப்படிப்போடு சேர்ந்த இரண்டாவது கதவு திறந்திருக்கிறது. எல்லோருக்கும் என்எஃப்எல் கிடைக்காது, மொத்தமே 32 அணி, அணிக்கு ஒரு பன்டர். பட்டம் கிடைக்கும். விசா, கல்லூரி உதவித்தொகை பற்றி யாருக்காவது கேட்க வேண்டும் என்றால் இப்போதே கேட்கலாம், முதல் வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்குவோம்.