பச்சை விளக்கு யாரைக் கேட்டு எரிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். திரையில் ஒரு பொத்தான்; அதைக் கிளிக் செய்தால் மேசைமேல் இருக்கிற மோட்டார் சுற்ற வேண்டும். ஆசை அவ்வளவுதான். பைத்தான் நிரல்மொழியில், டிகின்டர் என்ற கருவித்தொகுப்பால் வரைந்த ஒரு விண்டோ; யூஎஸ்பி கேபிளின் மறுமுனையில் மோட்டாரை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. கிளிக் செய்தேன், மோட்டார் சுற்றியது. 'நிறுத்து' பொத்தானைத் தட்டினேன்; விண்டோ அசையவே இல்லை. கடைசியில் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

தப்பு என்னுடையதுதான். விண்டோவை வரைவதும் கிளிக்கைக் கவனிப்பதும் ஒரே திரெட், அதாவது நிரலுக்குள் ஒவ்வொரு வேலையாகச் செய்யும் ஒரே ஆள். அதையே, ஊனோவோடு பேசும் வழியான சீரியல் போர்ட்டில் பதில் வரும்வரை நிற்க வைத்திருந்தேன். கல்லாவில் இருப்பவரையே குடோனுக்கு மூட்டை எடுக்க அனுப்பினால், கடைக்கு வந்தவர் கூப்பிட்டுக்கொண்டே நிற்க வேண்டியதுதான். சரி, குடோனுக்குத் தனி ஆள் போட்டேன். போர்ட்டைப் படிக்க இன்னொரு திரெட். வந்ததை அது க்யூவில் போட்டுவிடும், விண்டோ 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். போர்ட்டைத் திறந்தவுடன் ஊனோ ரீசெட் ஆவதால் முதல் கட்டளை காணாமல் போகும் என்று கண்டுபிடிக்க இன்னொரு மாலை போனது.

உறைந்த விண்டோவாவது தன் கோளாறைக் காட்டிவிடுகிறது. பொய் சொல்லும் விண்டோதான் ஆபத்து. கிளிக் செய்த கையோடு 'ஓடுகிறது' என்று பச்சையில் எழுதியிருந்தேன். மோட்டாரை யார் கேட்டது?

1979 மார்ச் 28. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கோ அணைந்திருந்தது. வால்வை இயக்கும் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டும். வால்வு நிஜமாகவே மூடியதா என்று அதற்குத் தெரியாது. மூடிவிட்டது என்றே அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

இதைப் படித்த பிறகு என் நிரலை மாற்றினேன். கிளிக் செய்தால் மஞ்சளில் 'சொல்லியாச்சு'. மோட்டார் அச்சில் இருந்து அதன் சுழற்சியை உணரும் என்கோடரிலிருந்து துடிப்பு வந்தால்தான் பச்சை. ஒரு விநாடிக்குள் வராவிட்டால் சிவப்பு.

அப்புறம் அந்த 'நிறுத்து' பொத்தான். திரையில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் மேசை ஓரத்தில், மோட்டாருக்குப் போகும் ஒயரிலேயே, காளான் மாதிரி ஒரு சிவப்பு சுவிட்சையும் வைத்திருக்கிறேன். அப்படியொன்று இருப்பதே பைத்தானுக்குத் தெரியாது.