கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

மாதச் சம்பளம் கணக்கில் ஏறிவிட்டதாகக் கைபேசியில் செய்தி வருகிறது. அதற்கு முன்பு, பெரும்பாலும் நள்ளிரவில், ஒரு கோப்பு நிறுவனத்திலிருந்து வங்கிக்குப் போயிருக்கும். ஊழியரின் பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். கடன் தவணைப் பிடித்தம், காப்பீட்டுக் கோரிக்கை, கடைகளின் அன்றாட விற்பனைக் கணக்கு எனப் பெரிய நிறுவனங்களின் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி இன்றும் இப்படிப்பட்ட கோப்புகளில்தான் நடக்கிறது. இந்தப் போக்குவரத்தைக் கவனிப்பதற்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. அவற்றைப் புதுப்பிப்பது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கணினிகளுக்கு இடையே கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி. நெறிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் மாணவர் அணியில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்றவர். அன்றைய வலையமைப்பில் இருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள். திருடனை எதிர்பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆகவே அந்த நெறிமுறையில் கடவுச்சொல்கூட மறைக்கப்படாமல் அப்படியே போகும். 1995-இல் பின்லாந்தில், தகவலைப் பூட்டி அனுப்பும் எஸ்.எஸ்.எச். நெறிமுறை உருவான பிறகுதான் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி அனுப்பும் வசதி பரவியது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் வழியைப் பாதுகாத்துவிட்டன. கோப்பு போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டன.

2023 மே மாதக் கடைசியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூவ்இட் என்பது அமெரிக்காவின் புரோகிரஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் விற்கும் கோப்புப் பரிமாற்ற மென்பொருள். அதன் இணையப் பக்கம் வழியாகத் தரவுத்தளத்துக்குள் கட்டளையை நுழைத்துவிடக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது. அந்த வாரம் மே 29, திங்கட்கிழமை, அமெரிக்காவில் பொது விடுமுறை. சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள். மே 27-ஆம் தேதியே க்ளாப் என்ற கும்பல் புகுந்துவிட்டது. மென்பொருளோடு வரும் ‘ஹியூமன்’ என்ற பக்கத்தை ஒட்டியே ‘ஹியூமன்2’ என்று ஒரு கோப்பை வைத்தார்கள். பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கும் நிர்வாகிக்கு அதில் சந்தேகமே எழாது. அதன் வழியாக உள்ளே கிடந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். திருத்தம் வெளிவந்தது மே 31-இல்.

பாதிக்கப்பட்ட அமைப்புகள் 2,000-க்கும் மேல், மக்கள் கோடிக்கணக்கில். பிரிட்டனில் ஸெல்லிஸ் என்ற சம்பளப் பட்டுவாடா நிறுவனத்தின் மூவ்இட் உடைந்ததால், பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ், பூட்ஸ் மருந்துக்கடைகள் ஆகியவற்றின் ஊழியர் விவரங்கள் பறிபோயின. பிறந்த தேதி, வீட்டு முகவரி, தேசியக் காப்பீட்டு எண் போன்றவை அவற்றில் இருந்தன. வேலைக்குச் சேரும்போது நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை. எந்தச் சேவையகத்தில் (சர்வரில்) தங்கள் முகவரி கிடக்கிறது என்று அந்த ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

மறைகுறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைப்பது, இல்லாமலா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் கணினியின் சேமிப்பு வட்டில் பூட்டி வைத்ததை, மென்பொருளே தன்னிடம் அதிகாரத்தோடு வந்து கேட்பவருக்குத் திறந்து கொடுக்கும். திருடன் அந்த அதிகாரத்தையே எடுத்துக்கொண்டான். அனுப்புபவர், பெறுபவரின் சாவியைக் கொண்டு கோப்பையே தனியாகப் பூட்டி அனுப்பியிருந்தால், கும்பலுக்குக் கிடைத்திருப்பது பொருளற்ற எழுத்துக் குவியல்.

அதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு. பெறுபவர் எடுத்துக்கொண்ட பிறகும் கோப்பு ஏன் அங்கே இருக்கிறது? பரிமாற்றச் சேவையகம் பஸ் நிலையம் போன்றது. யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. நான் பார்த்த சேவையகங்களில் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளக் கோப்புகள் கிடந்தன. ‘எப்போதாவது தேவைப்படும்’ என்பதுதான் எங்கும் கிடைக்கும் பதில். தேவையென்றால் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றுங்கள். பெற்றதற்கான ஒப்புகை வந்து சில நாட்களில் கோப்பு தானாக அழிய வேண்டும். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் நிறைவேறிய தரவை அழிக்கச் சொல்கிறது. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழி வைத்திருக்கிறது.

ஆகவே புதுப்பிப்பை விலைப்பட்டியலில் தொடங்காதீர்கள். எந்தக் கோப்பு, யாரிடமிருந்து யாருக்கு, எதற்காக, பொறுப்பாளர் யார் என்று முதலில் ஒரு பதிவேடு போடுங்கள். ஓய்வுபெற்றுப் போன ஒருவர் எழுதிய நிரல், அவர் வைத்த கடவுச்சொல்லோடு இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அப்போது தெரியவரும். யாருக்கும் தேவையில்லாத பரிமாற்றங்கள் கணிசமாக இருக்கும். அவற்றை நிறுத்துவதே பெரிய பாதுகாப்பு.

மாற்றும்போது, பழைய நிரல்களில் இருக்கும் அனுபவத்தைத் தொலைத்துவிட வேண்டாம். பாதி வந்த கோப்பை வங்கி எடுத்துப் படித்துவிட்டால் பாதிப் பேருக்குத்தான் சம்பளம் போகும். அதனால்தான் கோப்பைத் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதாக வந்த பிறகு உரிய பெயர் சூட்டுவார்கள்; கடைசி வரியில் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். புதிய அமைப்பிலும் இவை இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

பழையதும் புதியதும் சில மாதங்கள் இணையாக ஓடட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 கணக்கு முடிப்பில் மட்டும் எழும் கோப்புகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் உண்டு. அவை எந்தப் பதிவேட்டிலும் சிக்காது. எனவே பழைய சேவையகத்தை அணைக்கும் தேதியை ஏப்ரல் பாதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.