பிரசங்க பீடத்தில் எத்தனை குரல்?

சபை மூப்பர்களே, பிரசங்கிமாரே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஞாயிறுதோறும் அரை மணி நேரப் பிரசங்கம் என்றால் ஆண்டுக்கு 26 மணி நேரம். ஒரே போதகர் பத்து ஆண்டுகள் இருந்தால் 260 மணி நேரம். அவர் நன்றாகப் படித்தவராக இருக்கலாம், ஜெபிக்கிறவராக இருக்கலாம். ஆனாலும் அவருக்குக் கை வந்த வேதபகுதிகள் சில, அவர் தாண்டிப் போகிற பகுதிகள் பல. அவர் தாண்டியதையெல்லாம் சபையும் தாண்டிவிடுகிறது.

அந்தியோகியா சபையைப் பாருங்கள். அப்போஸ்தலர் 13:1 அங்கிருந்த போதகர்களையும் தீர்க்கதரிசிகளையும் பெயர் சொல்லியே வரிசைப்படுத்துகிறது. சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியனான பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்காவின் சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதுடன் வளர்ந்த மனாயீன், பரிசேயனாகிய சவுல். அரண்மனையில் வளர்ந்தவரும், சபையைத் துன்புறுத்தி மனம் மாறியவரும் ஒரே சபையில் உபதேசித்தார்கள். பர்னபாவும் சவுலும் ஊழியப் பயணம் புறப்பட்டது அங்கிருந்துதான்.

ஒரே குரல் போதாது என்ற இதே முடிவைத்தான் நற்செய்தி நூல்களிலும் சபை எடுத்தது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் லூக்காவை மட்டும், அதையும் வெட்டிச் சுருக்கி வைத்துக்கொண்டார். தாத்தியான் நான்கையும் பின்னி ஒரே நூலாக்கினார். தியாதெஸ்ஸரோன் எனப்பட்ட அந்த நூலைச் சீரியச் சபைகள் நெடுங்காலம் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியொதரேத்து தம் பகுதியில் அதன் 200-க்கு மேற்பட்ட பிரதிகளை அகற்றி, நான்கு நூல்களையும் வைத்தார். ஒன்றாக்கினால் வாசிக்கச் சுலபம்தான். ஆனால் மாற்குவின் அவசர நடையும் யோவானின் நிதானமும் அதில் கரைந்துவிடும்.

குரல் மாறினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மத்தேயு 20 நல்ல இடம். திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையை நாம் வழக்கமாக எப்படிப் பேசுகிறோம்? ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுக் கூலி, இதுவே கிருபை, ஆமென். மாதச் சம்பளக்காரர் பேசினால் அங்கேயே நிற்பார். அன்றாடக் கூலிக்குப் போகிறவரிடம் அதே பகுதியைக் கொடுங்கள். அவர் கண் ஆறாம், ஏழாம் வசனங்களில் விழும்: சும்மா நிற்கிறதேன் என்று எஜமான் கேட்கிறான், எங்களுக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல, கூப்பிட ஆளில்லாமல் நின்றவர்கள். ஒரு நாள் கூலி வராவிட்டால் அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆள்வைத்து வேலை வாங்குகிறவர் வாசித்தாலோ வேறு கேள்வி வரும்: கடைசியில் வந்தவனுக்கு ஏன் முதலில் கூலி? வரிசையை மாற்றியிருந்தால் முறுமுறுப்பே எழுந்திராதே! இரண்டும் வசனத்தில் இருப்பவைதான். ஆனால் பிரசங்கி ஒருவரே என்றால் இவற்றில் ஒன்றாவது விடுபடும்.

இனி நடைமுறை. ஆளை மாற்றி மாற்றி மேடையேற்றுவதைவிட, பிரசங்க ஆயத்தத்தில் ஆட்களைச் சேர்ப்பது அதிகப் பலன் தரும். வயதிலும் தொழிலிலும் வேறுபட்ட ஐந்தாறு பேர் போதும். வேதபகுதியை மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கூடும்போது இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள். முதல் இருபது நிமிடம் விளக்கவுரை எதையும் திறக்கக் கூடாது, போதகர் வாயையும் திறக்கக் கூடாது! அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கூட்டம் அத்தோடு முடிந்தது. அங்கே ஒருவர் மனம் திறந்து சொன்ன சொந்த வேதனையை, அவரைக் கேட்காமல் மேடைக்குக் கொண்டுபோகவும் கூடாது.

பெண்கள் பிரசங்கிக்கலாமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்தை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் ஆயத்தக் குழுவில் பெண்கள் உட்காருவதற்கு எந்தச் சபைக்கும் தடை இருப்பதாக நான் நினைக்கவில்லை. வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவுக்கே பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தனியாக அழைத்துத் திருத்தமாய் விளக்கினார்கள்.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: பெண்கள் ஞாயிறு வந்தால் ஒரு பெண், வாலிபர் ஞாயிறு வந்தால் ஒரு வாலிபர். வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் அவர்களைப் பற்றியே பேச வேண்டும். இதில் குரல் சேரவில்லை, அலங்காரம்தான் சேர்ந்தது. அடுத்தடுத்து மூன்று ஞாயிறு கொடுங்கள், ரோமருக்கு எழுதின நிருபத்தைக் கொடுங்கள். முதல் வாரப் பதற்றம் மூன்றாம் வாரம் இருக்காது.

எந்த ஞாயிறு எந்த வேதபகுதி என்று குறித்துத் தரும் வாசக அட்டவணையை நம்பியும் சும்மா இருந்துவிட முடியாது. பல சபைகள் பின்பற்றும் 1992-ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட பொது அட்டவணை, மூன்று ஆண்டுச் சுற்றில் நியாயாதிபதிகள் புத்தகத்துக்கு ஒரே ஒரு ஞாயிறைத்தான் தருகிறது. அதுவும் 4:1-7. தீர்க்கதரிசியான தெபொராள், போருக்குப் புறப்படும்படி பாராக்குக்குக் கட்டளையைச் சொல்வதோடு வாசிப்பு நின்றுவிடும். நீ வந்தால் போவேன், வராவிட்டால் போகமாட்டேன் என்று அவன் சொல்வது எட்டாம் வசனம்; எதிரிப் படைத்தலைவனைக் கொன்ற யாகேல் அதற்கும் பின்னால் வருகிறாள். யாராவது கேட்டால்தான் அட்டவணைக்கு வெளியே நாம் வாசிப்போம்.

பல குரல் என்றால் எதையும் சொல்லலாம் என்றல்ல. இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29-இன் ஒழுங்கு. பிரசங்கம் முடிந்த வாரத்திலேயே மூப்பர்கள் அரை மணி நேரம் உட்காருங்கள். சொன்னது அந்தப் பகுதியில் இருக்கிறதா, விசுவாசப் பிரமாணத்தோடு பொருந்துகிறதா, எது விடுபட்டது என்று கேளுங்கள். புதியவருக்கு மட்டும் இந்தச் சோதனை, மூத்த போதகருக்கு விலக்கு என்று வைத்தால் அடுத்த ஆண்டு புதியவர் யாரும் முன்வர மாட்டார்கள்.

யார் எப்போது பிரசங்கிப்பது என்று அட்டவணை போடும்போது முதலில் வேதபகுதி, பிறகு ஆள். மாற்றிச் செய்தால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த சங்கீதத்தோடு வந்து நிற்பார்கள், லேவியராகமம் இந்த ஆண்டும் மூடியே கிடக்கும்.